பெரட்டு

ஒரு குழிக்கு எண்ணூறு வெள்ளி.
வாரிசென்று தாள் காட்டினால் போதும்.
கிளன்மோரித் தோட்டத்து இடுகாட்டில்
அடுத்த வருஷம் இரட்டைமாடி வீடுகள் எழும்பும்.
(கிளன்மோரி, துரை வைத்த பெயர்.
நம்மவர்கள் நண்டுக்கல் என்றார்கள்.
ஏனென்று சொல்லக்கூடியவர்கள்
அந்த இடுகாட்டில்தான் இருக்கிறார்கள்.)

நான் பஹாவ் செம்பனை ஆலையில் எடைமேடைக்காரன்.
லாரி உள்ளே வரும்போது ஓர் எடை,
வெளியே போகும்போது ஓர் எடை,
கழித்தால் மிஞ்சுவது காய்.
பூட்டனையும் அப்படித்தான் தேடத் தொடங்கினேன்.
வந்த தேதி, போன தேதி,
இடையிலிருப்பது ஆள்.

பெயர் சடையாண்டி.
தாத்தாவின் ஐசியில் சடயண்டி.
கோயில் நன்கொடைப் பலகையில் சடையன்.
தாத்தாவின் கல்யாணச் சான்றிதழில் எஸ். ஆண்டி.
எழுதியவர்கள் ஆளுக்கோர் எழுத்தைத்
தின்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

பழைய ஆபீஸ் ஸ்டோரில்
மருந்து தெளிக்கும் டாங்கிகளுக்குப் பின்னால்
கரையான் விட்டுவைத்த செக்ரோல் புத்தகங்கள்,
1926 முதல் 1931 வரை.
காவலாளி டெக் பகதூர் டார்ச் பிடித்தான்.
அவனுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது.
எண் தெரியும்.
214, 214 என்று விரலை ஓட்டிக்கொண்டே போனான்.

214. சடையாண்டி. பொம்மு கங்காணியின் ஆள்.
நாள் கூலி ஐம்பது காசு.
ஏப்ரலில் இருபத்தாறு நாள்.
ஜூலையில் பதினான்கு.
ஆகஸ்டில் மூன்று. பிறகு சிவப்பு மையில் ஒரு கோடு.
ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அதே எண்:
காய்ச்சல். ஆகஸ்ட் 11, மாலை நான்கு மணி, இறப்பு.

பகதூரின் விரல் நிற்கவில்லை.
அடுத்த பக்கத்தில் மறுபடியும் 214.
ஆகஸ்ட் 20. சடையாண்டி. ஐம்பது காசு.
அதன்பிறகு நாள் தவறாமல் ஐந்து வருஷம்.

செத்தவன் ஒன்பதாம் நாள்
எழுந்து மரம் சீவப் போயிருக்கிறான்.

அன்றைக்கு ஆலையில்
நான்கு லாரிக்குத் தப்பாக எடை போட்டேன்.

யாரோ ஒருவன்.
வேறு தோட்டத்தில் கடன் வைத்து ஓடி வந்தவனோ,
யாரையாவது அடித்துவிட்டு வந்தவனோ.
கங்காணிக்குத் தலைக்காசு குறையக் கூடாது.
கிராணிக்குப் புதுவரி எழுதச் சோம்பல்.
அதே வாளி, அதே உளி,
அதே முந்நூறு மரம்,
லயத்தில் அதே ஆறாம் கதவு.
இருட்டு விடியாத பெரட்டில்
அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது
எத்தனை நொடி கழித்துக் கை தூக்கினான்?
அந்தத் தாமதத்திலிருந்துதான்
நாங்கள் நாற்பத்தொரு பேர் பிறந்தோம்.

கோலப்பிலாவில் இருக்கும் தைலம்மை அத்தையிடம்
இதையெல்லாம் சொல்லவில்லை.
பூட்டன் எப்படி இருப்பார் என்று மட்டும் கேட்டேன்.
"பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
திரும்பவே மாட்டாராம்.
காது மந்தம்னு சொல்வாங்க" என்றாள்.
"ஆனா நாய் குரைச்சா முதல்ல எழுந்திரிக்கிறவர் அவர்தானாம்."

ஐம்பத்தொன்றில் செத்தார்.
கல்லில் சடையாண்டி என்று ஆழமாகவே வெட்டியிருக்கிறது.
ஓடைப் பக்கம் பெயரில்லாத மேடுகள்.
ஒன்றில் தகரத் துண்டு குத்தியிருக்கிறது,
துருவுக்குள் 2 தெரிகிறது, 1 தெரிகிறது.
மூன்றாவது 4 ஆக இருக்கலாம்.
7 ஆகவும் இருக்கலாம்.

இரண்டு பாரம் நிரப்பிக்கொண்டு போனேன்.
கவுண்டரில் புவான் ரொஹானா கண்ணாடியை ஏற்றினார்.
இது யார்?
சடையாண்டி.
அப்படியானால் அது?
அதுவும்.
உறவு என்ற கட்டத்தை
ஒன்றில் நிரப்பியிருந்தேன், ஒன்றில் விட்டிருந்தேன்.
எதில் எதை என்று
எனக்கே கொஞ்சம் குழம்பியிருந்தது.

ஒரே பெயரில் இரண்டு பிணத்தைக் கம்ப்யூட்டர் எடுக்காது,
ஒன்றை மாற்றிக்கொண்டு வா, என்றார்.
எந்த ஒன்றை என்று சொல்லவில்லை.
பின்னால் வரிசை நீண்டிருந்தது.
இரண்டு மணிக்கு எனக்கு ஷிப்ட்.